ரெஜினாவின் திருப்புளிகள்

எங்கள் ஊரில் ஒருவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்ள ரெஜினா ஹோஃப்லருக்கு அவன் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை. அவன் துப்பாக்கியில் இருக்கும் திருகாணிகளின் தலையைப் பார்ப்பாள். தலையிலுள்ள வெட்டு ஒழுங்காக இருந்தால் ஆளும் ஒழுங்கு. வெட்டின் ஓரம் மழுங்கிப் பிதுங்கி, பக்கத்து இரும்பில் கீறலும் விழுந்திருந்தால் அவனைப் பற்றி அவளுக்கு வேறெதுவும் தெரிய வேண்டாம். பொறுமை கெட்டவன், கையில் கிடைத்ததை வைத்துக் காரியம் பார்க்கிறவன், பெண்டாட்டியின் சமையலறை இழுப்பறையில் கை விடுகிறவன் என்று மூன்று தீர்ப்பும் ஒரே மூச்சில் வரும். பெரும்பாலும் அவை சரியாகவும் இருக்கும்.

பென்சில்வேனியாவின் வடக்குக் காட்டுப் பக்கத்தில், நவம்பர் நாலாம் வியாழனன்று வரும் நன்றி நாளுக்கு அடுத்த திங்கட்கிழமை கொம்பு மான் வேட்டை தொடங்குகிறது. அன்று பள்ளிக்கூடம் கிடையாது. ஆலையில் பாதி இயந்திரங்கள் ஓடாது. பல்வலி வந்தாலும் செவ்வாய்க்கிழமை வரை பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான், ஏனென்றால் பல் மருத்துவரும் மரத்தடியில்தான் உட்கார்ந்திருப்பார். அந்தத் திங்களுக்கு முந்தைய மூன்று வாரமும் ரெஜினா வீட்டு நிலவறைப் படிகளில் பூட்ஸ் சத்தம் ஓயாது. ஆளாளுக்குத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

1997 நவம்பரில் முதலில் மாட்டியவன் அவளுடைய மைத்துனன் கிளெம். ரெஜினாவின் கணவன் நார்பர்ட்டுக்கு அவன் தம்பி. ஆறடி உயரம், மர லாரி ஓட்டுகிறவன், வாய் ஓயாதவன். துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு, "காலியாத்தான் இருக்கு" என்றான். யார் சத்தியம் செய்தாலும் ரெஜினா நம்ப மாட்டாள். தாழ்ப்பாளைத் திறந்து, குண்டு உட்காரும் இடத்தில் சுண்டு விரலை விட்டுப் பார்த்த பிறகுதான் விளக்கைப் பக்கத்தில் இழுத்தாள்.

"இதை எதால திருகினே, கிளெம்?"

"ஸ்க்ரூடிரைவரால."

"பொய் சொல்லாதே. வெண்ணெய்க் கத்தி."

கிளெம் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "மார்லின் சொன்னாளா?"

"உன் பொண்டாட்டி எதுக்குச் சொல்லணும்? வெட்டுல இன்னும் வெண்ணெய் ஒட்டியிருக்கு."

சொல்லிக்கொண்டே மேசைக்கு அடியில் இருந்த பெட்டியிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்தாள். "வெண்ணெய்க் கத்தி, இரண்டாம் தடவை" என்று எழுதி, தேதி போட்டு, கிளெமின் துப்பாக்கிக் குழலில் கட்டினாள். அந்த அட்டைகள் ஆலையிலிருந்து வந்தவை. எங்கள் ஊர் ஆலையில் உலோகப் பொடியை அச்சில் அழுத்திச் சுட்டு, சின்னச் சின்ன இயந்திரப் பாகங்கள் செய்வார்கள். முப்பத்தொரு வருஷம் ரெஜினா அங்கே சோதனை மேசையில் உட்கார்ந்திருந்தாள். அளவு சரியாக இருந்தால் பச்சை அட்டை, தவறினால் சிவப்பு. ஓய்வு பெறும் நாளன்று எல்லோரும் கேக்கும் கடிகாரமும் எதிர்பார்ப்பார்கள். இவள் இரண்டு பெட்டி அட்டை கேட்டு வாங்கி வந்தாள்.

அவளுடைய நிலவறையைப் பார்க்க வேண்டும். சுவரில் நாற்பத்தொரு திருப்புளிகள் தொங்கும். எல்லாம் மலிவாக வாங்கி, அவளே தேய்த்துச் செய்தவை. கடையில் வாங்கும் திருப்புளியின் நுனி ஆப்பு மாதிரி சரிந்திருக்கும். அது வெட்டின் மேல் விளிம்பை மட்டும்தான் தொடும், பலம் கொடுத்தால் ஏறி வழுக்கி ஓரத்தைத் தின்றுவிடும். ரெஜினா நுனியின் இரண்டு பக்கத்தையும் சரிவில்லாமல் நேராகத் தேய்த்து, அகலத்தையும் தடிமனையும் அந்தந்தத் திருகாணிக்கே அளந்து வைப்பாள். வெட்டுக்குள் வைத்துக் கையை எடுத்தால் திருப்புளி தானாக நிற்க வேண்டும், அதுதான் அவள் வைத்த பரீட்சை. பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் தாடைகளுக்குப் பழைய குதிரைச் சேணத்தின் தோலைத் தைத்துப் போட்டிருந்தாள். குழலைத் துடைக்கும் கம்பி ஒரே துண்டாக இருக்கும், மூன்று துண்டைத் திருகிச் சேர்க்கிற கம்பியை வீட்டுக்குள்ளேயே விட மாட்டாள், அதன் இணைப்பு குழலின் உள்பக்கத்தைச் சுரண்டிவிடும் என்பாள். மூலை முடுக்குகளில் அழுக்கெடுக்கப் பல் மருத்துவர் கழித்துப்போட்ட கொக்கிகள். பெரிய சுத்தியல் மட்டும் அந்த அறையில் கிடையாது.

பட்டியல் புத்தகத்தோடு வந்து, "எண்பது சாமான் உள்ள இந்தப் பெட்டியை வாங்கலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. "மேலே போய் உன் துப்பாக்கியில எத்தனை விதத் திருகாணி இருக்குன்னு எண்ணிட்டு வா" என்பாள். எண்ணிவிட்டு, நாலு என்று சொல்வார்கள். "அப்ப நாலு ஸ்க்ரூடிரைவர் வாங்கு. மீதி எழுபத்தாறை எந்தத் துப்பாக்கிக்கு வெச்சுக்கப் போறே?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்ப்பாள். அவள் சொல்கிற முறையில் கொஞ்சம் காரம் இருந்தது உண்மைதான். ஆனால் எண்பது சாமான் பெட்டி வாங்கிய ஒருவனும் நன்றாக இருந்து நான் பார்க்கவில்லை.

இந்த வேலைக்கு அவள் வந்தது கல்யாணத்தால். நார்பர்ட் அதே ஆலையில் அச்சு பொருத்துகிறவன். 1958 இலையுதிர் காலத்தில், கல்யாணமாகி ஐந்து மாதம் ஆன நிலையில், அவன் சமையலறை மேசையில் துப்பாக்கியைப் பிரித்துப்போட்டு ஒரு திருகாணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ரெஜினா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே பார்த்தாள்.

"உன் ஸ்க்ரூடிரைவர் அதுக்குப் பொருந்தலை."

"ஸ்க்ரூடிரைவர்னா ஸ்க்ரூடிரைவர்தான். இதென்ன செருப்பா, பொருந்துறதுக்கு?"

அவள் கிழங்கை உரித்து முடித்தாள். மறுநாள் திருகாணியையும் திருப்புளியையும் சாப்பாட்டுப் பெட்டியில் போட்டு ஆலைக்கு எடுத்துப் போனாள். மதிய இடைவேளையில் சாணைக்கல்லில் தேய்த்து, அளந்து, மறுபடி தேய்த்துக் கொண்டு வந்தாள். நார்பர்ட் அதை வெட்டில் வைத்தான். அது ஆடாமல் நின்றது. அடுத்த நாள் சாயங்காலம் தன் அப்பாவின் துப்பாக்கியையும் தம்பியின் துப்பாக்கியையும் தூக்கி வந்து அவள் முன்னால் வைத்தான். அவன் தன்னிடம் காதலைச் சொன்ன நாளைவிட அந்த நாள்தான் அவளுக்கு ஒசத்தி.

அவளே வேட்டைக்குப் போனது ஒரே முறை. 1963-இல் ஒரு குண்டு, ஒரு மான். போதும் என்று விட்டுவிட்டாள். நார்பர்ட்டுக்கு அப்படி இல்லை. வருஷத்தில் அவனுக்கு இருந்தது ஒரே நாள், அந்தத் திங்கட்கிழமை. மற்ற முந்நூற்று அறுபத்து நாலும் அதற்குக் காத்திருக்கிற நாட்கள்.

1996 மார்ச் மாதம், தவக்கால வெள்ளிக்கிழமை, மாதா கோயில் கூடத்தில் வறுத்த மீனுக்கு வரிசையில் நின்றபோது நார்பர்ட்டின் கையிலிருந்து தட்டு விழுந்தது. அடுத்து அவனும் விழுந்தான். பக்கவாதம் வலது பக்கத்தை அடித்திருந்தது. பேச்சு திரும்பி வந்தது, காலும் கைத்தடியோடு பெரும்பாலும் வந்துவிட்டது. கை பாதி வந்தது. பயன்படுத்தினால் மீதியும் வரும் என்றார் மருத்துவர், தினமும் அமுக்க ஒரு ரப்பர் பந்தும் கொடுத்தார். பந்து சன்னல் திட்டிலேயே கிடந்தது. நார்பர்ட் அந்தக் கையை எப்போதும் சட்டைப் பைக்குள் வைத்திருந்தான், வேறு யாருடைய கையையோ பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒப்படைத்தது போல. அந்த வருஷத்துத் திங்கட்கிழமை விடியுமுன் கிளெமின் லாரி வாசலைத் தாண்டிப் போனதும், சோபாவின் முதுகுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஏப்ரல் வரை அவன் நேராகத் திரும்பிப் பார்க்கவே இல்லை என்று ரெஜினா சொல்வாள்.

அவளுக்குப் பயம் வந்துவிட்டது. இன்னொரு திங்கட்கிழமை இப்படிப் போனால் இந்த மனிதன் எழுந்திருக்கவே மாட்டான் என்று உறுதியாக நம்பினாள். ஜூலையில் ஒரு நாள் காப்பி குடிக்கும்போது பேச்சை எடுத்தாள்.

"இடது தோள்ல வெச்சுச் சுடலாமே, நார்ப்."

"அதுக்கு இடது தோள்ல பதியுற மரக்கட்டை வேணும். கடையில சொன்னா ஒரு வருஷம் ஆகும்."

"நான் செய்றேன்."

"நீயா?" என்று கோப்பையைக் கீழே வைத்தான். "சரி. வேட்டைத் திங்களுக்குள்ள துப்பாக்கி தயாரானா வர்றேன். ஆகலேன்னா என்னை விட்டுடு, ரெஜி. மறுபடி இந்தப் பேச்சை எடுக்காதே."

முடியாது என்று நினைத்துத்தான் சொன்னான். அது அவளுக்கும் தெரியும். ஆனால் நார்பர்ட் ஹோஃப்லர் சொன்ன சொல்லை மாற்றியதில்லை என்பதும் தெரியும். காப்பிக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

கிளெமின் கொல்லையில் ஏழு வருஷம் காய்ந்து கிடந்த செர்ரிப் பலகையைத் தேர்ந்தெடுத்தாள். துப்பாக்கிக்குப் பின்கட்டை செதுக்குவது மரவேலைதான், ஆனால் அது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அறிந்தவர்களுக்கான மரவேலை. மெழுகுவர்த்திப் புகையில் இரும்பைக் கறுப்பாக்கி மரத்தில் அமுக்குவாள். எங்கே கறுப்பு ஒட்டுகிறதோ அங்கே இடிக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தை மட்டும் உளியால் காகிதத் தடிமனுக்குச் சுரண்டுவாள். மறுபடி புகை, மறுபடி அமுக்கு, மறுபடி சுரண்டு. ஆகஸ்டு, செப்டம்பர் முழுக்க இதுவே பாடு. நார்பர்ட்டை ஸ்வெட்டரோடு நாற்காலியில் உட்காரவைத்து இடது தோளையும் கழுத்தையும் அளந்து, கட்டையை முக்கால் அங்குலம் குட்டையாக்கினாள். இடது கன்னம் சாய்வதற்கு ஒரு பலகை வைத்தாள். அதை ஏற்றி இறக்கலாம். அடியில் ஒரு வில் தள்ளிக்கொண்டிருக்கும், இரண்டு பித்தளைத் திருகாணிகள் பிடித்திருக்கும். ஒரு கையால் பலகையை அமுக்கிக்கொண்டு மறு கையால் திருக வேண்டும். பலகையின் உயரத்தை வீட்டிலேயே சரிபார்த்துத் தரப்போவதால் அந்தச் சிரமம் பெரிதில்லை என்று நினைத்தாள்.

கடைசி வேலை பசை. இரும்பும் மரமும் மயிரிழை இடைவெளியும் இல்லாமல் உட்கார வேண்டுமென்றால், கட்டையின் குழிக்குள் இரண்டு பங்காகக் கலக்கும் கெட்டிப் பசையை ஊற்றி, அதன்மேல் இரும்பை வைத்து இறுகவிட வேண்டும். மறுநாள் இரும்பை எடுத்தால் அதன் அச்சு அப்படியே பசையில் பதிந்திருக்கும். ஒரே ஒரு நிபந்தனை, முன்னதாக இரும்பு முழுவதும் மெழுகு பூசியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரும்பு மரத்தோடு கல்யாணம் செய்துகொள்ளும். எங்கள் பக்கம் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் யாராவது ஒருவன் இதை மறப்பான். அவன் பெயரைச் சொல்லி மதுக்கடையில் பனி உருகும் வரை சிரிப்பார்கள். ரெஜினாவிடம் அதற்கு ஒரு தடுப்பு இருந்தது. சுவரில் ஒரு கரும்பலகை. பசை புகாதபடி ஓட்டைகளை அடைக்கக் களிமண், பிறகு மெழுகு, பசை என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் முடிந்ததும் பக்கத்தில் ஒரு கோடு போடுவாள்.

நவம்பர் இருபதாம் தேதி, வியாழக்கிழமை, மதியம் இரண்டு மணி. களிமண் முடிந்து கோடு போட்டுவிட்டு மெழுகு டப்பாவைத் திறந்தபோது மேலே சமையலறையில் ஏதோ பெரிதாக விழுந்தது. ஓடினாள். நார்பர்ட் சூப்புப் பாத்திரத்தை இடது கையால் மட்டும் தூக்கப் பார்த்திருக்கிறான். நூடுல்ஸுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்தான். அடி எதுவும் படவில்லை. ஆனால் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தான். முப்பத்தொன்பது வருஷத்தில் அவள் அதைப் பார்த்ததில்லை. அவனைத் தூக்கி உட்காரவைத்து, தரையைத் துடைத்து, சட்டையை மாற்றிவிட்டுக் கீழே வந்தாள். மனசு மேலேயே இருந்தது. கரும்பலகையைப் பார்க்கவில்லை. பசையைக் கலந்தாள், ஊற்றினாள், இரும்பை வைத்து அமுக்கினாள்.

மறுநாள் காலை திருகாணிகளைக் கழற்றிவிட்டுக் குழலைத் தூக்கினாள். கட்டையும் சேர்ந்து வந்தது. இன்னும் பலமாக இழுத்தாள். அப்போதுதான் சுவரைப் பார்த்தாள். மெழுகுக்குப் பக்கத்தில் கோடு இல்லை. முக்காலியில் உட்கார்ந்து அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமைக்குப் பத்து நாள் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தன் துப்பாக்கியை வாங்கிப் போகக் கிளெம் வந்தான். அவள் முகத்தைப் பார்த்தான், மேசையைப் பார்த்தான், புரிந்துகொண்டான். சிரிக்காமல் இருந்தது அவன் செய்த பெரிய புண்ணியம்.

"லாரியில பெரிய சுத்தியல் இருக்கு. ஒரே போடு."

"ஒரே போடுல கட்டை ரெண்டாப் போகும்."

"அப்ப பெரிய ஸ்க்ரூடிரைவரை இடுக்குல விட்டு நெம்பு."

"எந்த இடுக்குல? இடுக்கே இல்லாமத்தானே செஞ்சு வெச்சிருக்கேன்."

"சூடு காட்டு. இல்லேன்னா மரத்தை அறுத்துடு, இரும்பாவது மிஞ்சும்."

"மரம் போனா உன் அண்ணன் போனான், கிளெம்" என்றாள்.

படியின் மேலிருந்து நார்பர்ட்டின் குரல் கேட்டது. "என்ன ஆச்சு அங்கே?"

"ஒண்ணுமில்ல" என்று கிளெம் தொடங்குவதற்குள் ரெஜினா எழுந்தாள். பொய் சொல்ல அவளுக்கு வராது, அதிலும் சோதனை மேசைக்காரிக்கு. "மெழுகு பூச மறந்துட்டேன், நார்ப். ஒட்டிக்கிச்சு."

சரி, அப்ப விட்டுடு என்று அவன் சொல்லப் போகிறான் என்று எதிர்பார்த்து நின்றாள். கைத்தடி நகரும் சத்தம் கேட்டது. பிறகு பலகை கிறீச்சிட்டது. பக்கவாதம் வந்த பிறகு நிலவறைக்கு இறங்காத மனிதன், பதின்மூன்று படியையும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கிக்கொண்டிருந்தான். கிளெம் தூக்கப் போனான். ரெஜினா அவன் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

கீழே வந்ததும் நார்பர்ட் கரும்பலகையைப் பார்த்தான். துப்பாக்கியைப் பார்த்தான். பிறகு பெண்டாட்டியைப் பார்த்தான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று அவள் நினைத்தாள். சிரித்துக்கொண்டிருந்தான்.

"முப்பத்தொரு வருஷம்" என்றான். "ஆலையில எத்தனை பேரோட பொருளைத் திருப்பி அனுப்பியிருப்பே? எடு அந்தச் சிவப்பு அட்டையை."

அவளே எடுத்துக் கொடுத்தாள். அவன் இடது கையால், முதல் வகுப்புக் கையெழுத்தில், 'மெழுகு எங்கே?' என்று எழுதினான். கட்டத் தெரியாமல் நூலோடு கொஞ்ச நேரம் போராடிவிட்டுக் கிளெமிடம் நீட்டினான். கிளெம் இதுவரை எந்த வேலையையும் அவ்வளவு சந்தோஷமாகச் செய்ததில்லை. ரெஜினாவுக்கு முகம் சுட்டது. ஆனால் இருபது மாதம் கழித்துக் கேட்கிற அந்தச் சிரிப்புக்காக இன்னும் பத்து அட்டை கட்டச் சொன்னாலும் நின்றிருப்பாள்.

"ஆலையில ஆணி அச்சுல சிக்கினா என்ன செய்வோம்?" என்று கேட்டான் நார்பர்ட்.

"உறையவைப்பீங்க" என்றாள். "இரும்பு சுருங்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் நீதான் தட்டணும். எனக்குத் தட்டத் தெரியாது."

அவன் கை பைக்குள் இருந்தது. வேண்டாம் என்று சொல்லவில்லை.

நிலவறை மூலையில் நீளமான உறைபெட்டி ஒன்று இருந்தது. நன்றி நாளுக்கு வாங்கி வைத்த வான்கோழியும், கிளெம் கொடுத்த மான் இறைச்சியும், ரெஜினாவின் ப்ளூபெர்ரிப் பழப் பைகளும் கிளெமின் லாரியில் ஏறி அவன் வீட்டுக்குப் போயின. "வான்கோழி எங்கே தூங்கப் போகுது?" என்று மார்லின் போன் செய்து கேட்டாள். அந்த இடத்தில் குறுக்காகத் துப்பாக்கி படுத்தது, குழலில் சிவப்பு அட்டையோடு. ஒரு பகல், ஓர் இரவு.

சனிக்கிழமை மதியம் எடுத்தபோது இரும்பில் வெண்பனி பூத்திருந்தது. தோல் சுற்றிய இரண்டு மரக்கட்டைகளின் மேல் துப்பாக்கியைத் தலைகீழாக வைத்தார்கள், மரம் கட்டைகளில் தாங்கி நிற்க, இரும்பு கீழே இறங்க இடம் இருந்தது. திருகாணி போகும் இரண்டு துளைகளிலும் ரெஜினா நீளமான இரண்டு திருகாணிகளைப் பாதி இறக்கினாள். அவற்றின் தலையில் தட்டினால் இரும்பு நேராகக் கீழே தள்ளப்படும். பதப்படுத்தாத தோலால் செய்த சின்னச் சுத்தியலைச் சுவரிலிருந்து எடுத்து நார்பர்ட்டின் முன்னால் நீட்டினாள். கிளெமும் கை நீட்டினான்.

"நீ போடா" என்றான் நார்பர்ட். "உனக்கு லாரிதான் சரி. கட்டையை ஆடாமப் பிடி."

இடது கையால் வாங்கினான். முன்னால் ஒரு தட்டு, பின்னால் ஒரு தட்டு. கதவைத் தட்டுகிற அளவு பலம்கூட இல்லை. "நேரா வரணும். ஒரு பக்கம் சாய்ஞ்சா மரம் பிளக்கும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டான். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. கிளெமுக்குப் பொறுமை போய்க் காலை மாற்றி மாற்றி வைத்தான். ரெஜினா குனிந்து மரத்துக்கும் இரும்புக்கும் நடுவிலுள்ள கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பதோ ஐம்பதோ தட்டு ஆன பிறகு, குளத்துப் பனி விரிசல் விடுவது போல ஒரு சத்தம். கோடு மயிரளவு கறுத்தது.

"நகருது" என்றாள்.

"நகரட்டும். அவசரப்படுத்தாதே" என்று அவன் அதே வேகத்தில் தட்டினான். பத்து நிமிஷத்தில் இரும்பு கழன்று கீழே விரித்திருந்த கம்பளியில் விழுந்தது. பசையில் ஒரு மூலை மட்டும் அரிசி அளவு பெயர்ந்திருந்தது. மற்றபடி அச்சு கண்ணாடி மாதிரி பதிந்திருந்தது. அந்த மூலையை நிரப்ப இரண்டு நாள் போதும். இந்த முறை அவள் மெழுகை மூன்று தரம் பூசினாள், மூன்று கோடு போட்டாள்.

நன்றி நாளன்று வான்கோழி கிளெம் வீட்டிலிருந்தே சமைந்து வந்தது. திங்கட்கிழமை விடியுமுன் லாரி வாசலில் நின்றபோது நார்பர்ட், அப்பாவின் கம்பளிக் கோட்டும் அதன்மேல் ஆரஞ்சு நிறக் கையில்லாச் சட்டையும் போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தான். பித்தளைத் திருகாணிக்கென்று தேய்த்த குட்டித் திருப்புளியை அவன் கோட்டுப் பையில் போட்டாள் ரெஜினா. அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. வேட்டைக் குடில் பன்னிரண்டு மைல் தள்ளி இருக்கிறது. ஆனாலும் மலைப்பக்கம் வெடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலிருந்ததை வைத்துவிட்டு நின்றாள். ஐந்து பேருக்கு ஆகிற உருளைக்கிழங்கை உரித்து வைத்திருந்தாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் லாரி வந்தது. பின்னால் மான் இல்லை. கிளெம் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு, "உன் புருஷன் வாயைத் திறந்தா மூடலை, என் காது போச்சு" என்று சொல்லிப் போனான். உண்மைதான். நார்பர்ட் பூட்ஸைக் கழற்றும் முன்பே தொடங்கிவிட்டான். எட்டுப் பெட்டை மான், ஒரு குட்டிக் கொம்பன், அதை விட்டுவிட்டான். மூன்று மணிக்குப் பெரியது ஒன்று முதுகுப் பக்கமாக வந்து, திரும்புவதற்குள் புதருக்குள் போய்விட்டது. "அது அங்கதான் இருக்கு. நாளைக்கும் போறேன். கிளெம் நாலரைக்கு வர்றான்."

ரெஜினா துப்பாக்கியைக் கீழே கொண்டுபோய், காலியா என்று விரல் விட்டுப் பார்த்து, விளக்கை இழுத்தாள். கன்னப் பலகையில் அவள் கண் நின்றது. இரண்டு பித்தளைத் திருகாணிகளின் தலைகளும் சிதைந்திருந்தன. வெட்டின் ஓரம் பிதுங்கி, பக்கத்து செர்ரி மரத்தில் பிறை மாதிரி ஒரு கீறல். அவள் வீட்டுத் துப்பாக்கியில், அவள் கையால் செய்ததில்.

"நார்ப். இங்க வா."

அவன் இறங்கி வந்தான். இந்த முறை உட்காரவில்லை, கைப்பிடியைப் பிடித்து நின்றபடியே வந்தான்.

"இது என்ன?"

"நீ என்னை ஸ்வெட்டரோட அளந்தே. அந்தக் கோட்டுக் காலர் கன்னத்துக்கும் பலகைக்கும் நடுவுல வந்து நிக்குது. கண்ணு ஒசந்துபோகுது, குறி பார்க்குற ஸ்கோப்புல ஒண்ணும் தெரியலை. பலகையை இறக்கிட்டேன்."

அது அவள் தப்புதான். கோட்டை மறந்துவிட்டாள். "ஸ்க்ரூடிரைவர் குடுத்தேனே."

"பனியில விழுந்துச்சு. தேடினேன், கிடைக்கலை."

"அப்ப எதால?"

"பத்து செண்ட் காசால."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். வெண்ணெய்க் கத்தியைவிடக் கேவலமான ஒரு கருவி உண்டென்றால் அது பத்து செண்ட் காசு. பிறகுதான் இன்னொன்று உறைத்தது.

"அடியில வில் இருக்கு. பலகையை அமுக்கிப் பிடிக்காம இது திரும்பாது."

"தெரியும்."

"கிளெம் பிடிச்சானா?"

"அவன் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தான்."

ரெஜினா அவன் வலது கையைப் பார்த்தாள். அது பைக்குள் இல்லை. வெளியே, மேசை விளிம்பில் இருந்தது. கட்டைவிரலின் சதையில் பலகையின் ஓரம் அழுந்திய சிவப்புத் தடம் இன்னும் மறையவில்லை.

"ஒரு மணி நேரம் ஆச்சு" என்றான். "நழுவிக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு தடவை கெட்ட வார்த்தையில திட்டினேன். அப்புறம் நின்னுச்சு." தொண்டையைக் கனைத்தான். "சரி, சிவப்பு அட்டையைக் குடு. நானே எழுதுறேன்."

அட்டைப் பெட்டி மேசைக்கு அடியில் அவள் கால் பக்கத்திலேயே திறந்து கிடந்தது. முந்நூறு அட்டையாவது இருக்கும். ரெஜினா அதைக் காலால் உள்ளே தள்ளினாள்.

"தீர்ந்துபோச்சு" என்றாள்.